சலான் யார் பேருக்கு?

தியாகராய நகர்ப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால், பேச்சு சீக்கிரமே போக்குவரத்துப் போலீஸிடம் வந்து நிற்கும். வெங்கட்நாராயணா ரோட்டில் இன்றைக்குப் பிடிக்கிறார்கள், வேறு வழியாகப் போய்விடு. லஸ் முனையில் ஆள் இல்லை, கச்சேரி ரோட்டில் நிற்கிறார்கள். மத்திய கைலாஷ் பக்கம் ராத்திரி ஊதச் சொல்கிறார்கள். ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி போல இந்தத் தகவல்கள் கைமாறுகின்றன. முழங்கையில் தொங்கும் ஹெல்மெட் சிக்னலுக்குச் சற்று முன்னால் தலைக்கு ஏறுகிறது. சிக்னல் தாண்டியதும் மறுபடி முழங்கைக்கு வந்துவிடுகிறது.

மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே பல வருடங்களாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தப் பேச்சு பழகிய பேச்சுதான். ஆனால் கேட்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படுகிறது. வெள்ளைச் சட்டை எங்கே நிற்கிறதோ அந்தப் பத்தடி தூரத்துக்குத்தான் சட்டம் என்று ஒரு நகரமே நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை எப்படி வந்தது, அதை எப்படி மாற்றுவது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

2022 அக்டோபர் கடைசியில் டீக்கடைப் பேச்சில் சூடு ஏறியது. மத்திய அரசு மோட்டார் வாகனச் சட்டத்தை 2019ல் திருத்தியிருந்தது. அதையொட்டிய புதிய அபராதங்களைத் தமிழ்நாடு மூன்று வருடம் கழித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நூறு ரூபாயாக இருந்த ஹெல்மெட் அபராதம் ஆயிரம் ரூபாய் ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினாலும் ஆம்புலன்ஸுக்கு வழி விடாமல் மறித்தாலும் 10,000. குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூட உட்கார்ந்து வருகிறவர் மீதும் வழக்கு என்று சென்னைப் போலீஸ் அறிவித்தது.

அந்த நாட்களில் பனகல் பூங்கா அருகே ஒரு டீக்கடையில், சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டியிருந்த ஒரு தம்பி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "ஆயிரம் ரூபான்றது எனக்கு ஒரு நாள் ஓட்டம்ணா. பெட்ரோல் போக அதுகூட நிக்காது. அதோ அந்தக் கார்ல போறவருக்கு அது ஒரு வேளை டிபன்." அவன் பேச்சில் கோபம் இல்லை, கணக்குதான் இருந்தது. ஒரே தப்பு, ஒரே தொகை. ஆனால் ஒருவருக்கு அது தண்டனை, இன்னொருவருக்குச் செலவு. பிரிட்டனில் வேகக் குற்றம் நீதிமன்றத்துக்குப் போனால், குற்றவாளியின் வாரச் சம்பளத்தை வைத்து அபராதம் கணக்கிடுகிறார்கள். அதற்கு உச்சவரம்பு உண்டு என்றாலும், இந்தத் தம்பி போட்ட கணக்கு அந்த முறைக்குள் இருக்கிறது.

அதே கடையில்தான் இன்னொருவர் பேசினார். ஆக்டிங் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாட்களிலும் அடையாறு, மந்தைவெளி வீடுகளுக்குப் போய் அவரவர் காரை ஓட்டிக் கொடுப்பவர். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். காரின் முதலாளி அனுப்பியிருந்த சலான் அது. சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்கும் கார், நம்பர் பிளேட்டைச் சுற்றி ஒரு கட்டம், கீழே தேதியும் நேரமும் தொகையும்.

"கேமரா நம்பரத்தான் சார் பாக்குது, மூஞ்சியப் பாக்கறதில்ல. சலான் ஓனருக்குப் போவுது. ஓனர் எனக்கு அனுப்பறாரு. அன்னிக்கு வண்டி எடுத்தது அவர் பையன் சார், நான் கிடையாது."

"சொல்லவேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா அடுத்த வாரம் வேற டிரைவரக் கூப்டுவாங்க. கட்டிட்டேன்."

கட்டிய தொகையைவிட, தான் ஒழுங்காக ஓட்டுகிறவன் என்ற பெயருக்கு வந்த பங்கம்தான் அவரை வருத்தியது. கேமரா தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. விதி மீறப்பட்டது, படம் பதிவானது, பணம் வசூலானது. ஆனால் தப்புச் செய்த பையனுக்குச் சலான் வந்ததே தெரியாது. அடுத்த சிக்னலிலும் அவன் கோட்டைத் தாண்டித்தான் நிற்பான்.

நம் கண்காணிப்பு முறையில் இருக்கும் பெரிய ஓட்டை இது என்று நினைக்கிறேன். நாம் வண்டியைப் பிடிக்கிறோம், ஓட்டியவரை விட்டுவிடுகிறோம். வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கோ யாரோ ஓட்டும் பழைய ஸ்கூட்டருக்காக இவர்களுக்குச் சலான் வந்துகொண்டே இருக்கும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பலர் தரகரிடம் விட்டுவிட்டு மறந்துபோகிறார்கள்.

லண்டனில் இருக்கும் நம்மவர்களோடு பேசும்போது வேறொரு கவலை காதில் விழும். அங்கே யாரும் எத்தனை பவுண்டு கட்டினேன் என்று முதலில் சொல்வதில்லை. "மூணு பாயின்ட் விழுந்துடுச்சு" என்பார்கள். வேக வரம்பைத் தாண்டினால் குறைந்தது 100 பவுண்டு அபராதத்தோடு லைசென்ஸில் 3 புள்ளிகள். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 200 பவுண்டும் 6 புள்ளிகளும். மூன்று வருடத்துக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால், பொதுவாகக் குறைந்தது ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொட முடியாது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வாங்கினால் லைசென்ஸே போய்விடும். மறுபடி தேர்வெழுதி, மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். வரம்பைச் சற்றே தாண்டியவருக்குப் புள்ளிக்குப் பதிலாகப் பாடம் கேட்கப் போகும் வாய்ப்பும் தருகிறார்கள்.

கேமராவில் சிக்கிய வண்டிக்கு அங்கேயும் உரிமையாளருக்குத்தான் கடிதம் போகிறது, அதுவும் 14 நாளுக்குள். ஆனால் அந்தக் கடிதம் முதலில் கேட்பது, அன்று வண்டியை ஓட்டியது யார் என்பதைத்தான். பதில் சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம். பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு அமைச்சரின் கதையே சாட்சி. கிறிஸ் ஹூன் 2003ல் வேகமாக ஓட்டிக் கேமராவில் சிக்கினார். ஓட்டியது தான்தான் என்று அவர் மனைவி புள்ளிகளை ஏற்றுக்கொண்டார். விஷயம் வெளியே வந்தபோது ஹூன் எரிசக்தித் துறை அமைச்சர். 2012ல் பதவி போனது. 2013ல் அவருக்கும் முன்னாள் மனைவிக்கும் தலா எட்டு மாதச் சிறை. ஒரு வேகச் சலானை அடுத்தவர் தலையில் கட்டியதற்கு அந்த நாடு கொடுத்த தண்டனை அது. அந்த ஆக்டிங் டிரைவரின் முகம் எனக்கு ஞாபகம் வருவது இந்தக் கதையில்தான்.

2023 ஜனவரியில், அந்த நாட்டின் பிரதமராக இருந்த ரிஷி சுனக் காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் வீடியோவில் பேசினார். லங்காஷயர் போலீஸ் அவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அபராதத்தைக் கட்டுவதாக ஒப்புக்கொண்டார். நாட்டின் பிரதமருக்கு ஒரு மாவட்டப் போலீஸ் சலான் போட முடிகிறது என்று தெரியும்போதுதான் சாதாரண ஆளுக்கும் சட்டத்தின் மேல் மரியாதை வருகிறது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஒப்பீட்டை மட்டும் முன்வைக்கிறேன். 2022ல் கிரேட் பிரிட்டன் சாலைகளில் இறந்தவர்கள் 1,711 பேர். அதே வருடம் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். மக்கள்தொகையில் நாம் அவர்களைவிடச் சற்றுத்தான் அதிகம். சாவில் பத்து மடங்கு. நல்ல சாலை, அகலமான நடைபாதை, சீக்கிரம் வரும் சிகிச்சை என்று இதற்குப் பல காரணம் உண்டு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய தமிழ்நாட்டுத் திட்டம் அந்த வகையில் நல்ல முயற்சி. ஆனாலும் ஓட்டுகிறவரின் நடத்தையை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பேச முடியாது.

அடையாறு டெப்போ அருகே எல்.பி. ரோட்டில் ஒரு நாள் காலை பார்த்ததைச் சொல்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. ஒரு பாட்டி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போக இறங்குகிறார். வரிக்கோடு முழுக்க இரண்டு சக்கர வண்டிகள். முன் சக்கரங்களுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் இடம்கூட இல்லை. பாட்டி புத்தகப் பையை முன்னால் பிடித்துக்கொண்டு, வண்டிகளைச் சுற்றி நடு ரோட்டுக்கு வருகிறார். அதற்குள் விளக்கில் கடைசி நொடிகள் ஓடுகின்றன. பச்சை வருமுன்பே பின்னாலிருந்து ஹாரன். பேரன் பாட்டியின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் சலானும் போகவில்லை. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் எல்லாரும் அன்று காலை எந்தத் தப்பும் செய்யாதவர்களாகத்தான் ஆபீஸ் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

டீக்கடைப் பேச்சில் இந்தப் பாட்டி வருவதே இல்லை. நாம் போலீஸைப் பற்றிப் பேசுகிறோம், கேமராவைப் பற்றிப் பேசுகிறோம், தொகையைப் பற்றிப் பேசுகிறோம். விதி யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

இதற்கு ஓட்டுகிறவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. நிறுத்தக் கோடு தேய்ந்து கிடக்கும் சந்திப்புகள் எத்தனையோ. மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கமும் மந்தைவெளியிலும் பாதைகள் மாறிக்கொண்டே இருந்த காலத்தில், நேற்று இருவழியாக இருந்த தெரு இன்று ஒருவழி ஆகியிருக்கும். பலகை ஒரு மரக்கிளைக்குப் பின்னால் இருக்கும். கேமரா வைத்த இடத்தில் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்று 2021ல் வந்த மத்திய விதியே சொல்கிறது. சென்னையில் கார்களுக்கு 60, இரண்டு சக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று 2023 நவம்பரில் வேக வரம்பு வந்ததே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத விதிக்குப் பணம் கட்டுகிறவர் திருந்த மாட்டார், மனம்தான் கசந்துபோவார். சித்திரை வெயிலில் ஒரு டம்ளர் மோரை நம்பி நடுரோட்டில் நிற்கும் காவலர்மீதுதான் அந்தக் கசப்பெல்லாம் கொட்டப்படுகிறது. அவர் செய்த பாவம் ஒன்றும் இல்லை.

நமக்குப் புதுச் சட்டம் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பிரிட்டனின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் நம் மோட்டார் வாகனச் சட்டமும் ஒரே வருடம், 1988ல் பிறந்தவை. ஓட்டியது யார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்று நம் சட்டத்தின் 133வது பிரிவு அன்றிலிருந்தே சொல்கிறது. ஹெல்மெட் போடாதவருக்கு ஆயிரம் ரூபாயோடு மூன்று மாத லைசென்ஸ் தடையும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிவேகம், போன் பேசிக்கொண்டு ஓட்டுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கும்படி, உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே மாநிலங்களுக்குச் சொன்னது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் சலானுக்குப் பணம் கட்டிய ரசீதோடு விஷயம் முடிந்துபோகிறது.

பணத்தை அடுத்தவர் கட்டலாம். முதலாளி கட்டலாம், அப்பா கட்டலாம், டிரைவர் கட்டலாம். லைசென்ஸில் விழும் குறியை மட்டும் ஓட்டியவரே சுமக்க வேண்டும். அது சாப்பாட்டுப் பை சுமக்கும் தம்பிக்கும் காரில் போகிறவருக்கும் ஒரே எடை. பணக்காரனுக்கும் ஏழைக்கும் சமமாக வலிக்கும் ஒரே தண்டனை, இனிமேல் ஓட்டக்கூடாது என்பதுதான். அபராதத் தொகையை இன்னும் உயர்த்துவதைவிட, ஒவ்வொரு மீறலும் அதைச் செய்தவரின் லைசென்ஸில் ஏறும்படி செய்வதே அரசு செய்ய வேண்டிய வேலை. ஓட்டியவர் பெயரைச் சலானிலேயே கேளுங்கள்; பொய் சொல்பவரைத் தண்டியுங்கள்; கோட்டையும் பலகையையும் பளிச்சென்று வையுங்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. விற்ற வண்டிக்கு இந்த வாரமே பெயர் மாற்றுங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுக்காதீர்கள். அவன் ஓட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம்வரை சிறையும் உங்களுக்குத்தான். அடுத்த முறை சலான் வந்தால் உடனே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். தேதியையும் நேரத்தையும் பார்த்து, அன்று வண்டியை எடுத்தது யார் என்று வீட்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். எடுத்தவரே கட்டட்டும்.