கண்ணாடிக்கடியில் ஒரு தட்டு

பழைய இசைத்தட்டுகளைக் கழுவிப் பதிவெடுக்கும் வேலை கற்றுக்கொள்ள யாராவது வந்தால், வீட்டில் ஸ்பிரிட் பாட்டில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். இருந்தால் அங்கேயே இருக்கட்டும், பட்டறைக்குள் வரக்கூடாது.

இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் நான் அழித்த தட்டு டெல்மோர் பிரதர்ஸின் 'ப்ளூஸ் ஸ்டே அவே ஃப்ரம் மீ'. 1949இல் கிங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 78 சுற்றுத் தட்டு. மேலே விரல் பிசுக்கு நிறைய. எல்.பி. தட்டுகளை ஸ்பிரிட் கலந்த நீரில் துடைத்துப் பழகிய கை அல்லவா, இதையும் அதே பஞ்சுத் துணியால் துடைத்தேன். அழுக்கு வந்தது. இன்னும் துடைத்தேன், இன்னும் கறுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே துடைத்தேன். அழுக்கு எப்போதோ போய்விட்டது, இப்போது துணியில் ஏறுவது தட்டேதான் என்று உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. அதற்குள் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தடமெல்லாம் மழுங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் திட்டவில்லை. இளமையில் தட்டு அழுத்தும் ஆலையொன்றில் இருந்தவர். இரண்டு உள்ளங்கையிலும் பழைய சூட்டுத் தழும்புகள். தட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். துணியை எடுத்து, நான்காக மடித்து, என் மேஜைக்கு நேர் மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினார். ஓஹையோவில் இந்த பேஸ்மென்டுக்குக் குடிவந்தபோதும் அதைக் கழற்றி எடுத்து வந்தேன். இன்றும் மாட்டியிருக்கிறது.

நம்மூர்த் தபாலாபீஸில் பார்சல் முடிச்சின் மேல் உருக்கி வைத்தார்களே சிவப்பு அரக்கு, பாண்டவர்களை உள்ளே வைத்துக் கொளுத்த மாளிகை கட்டினார்களே, அதே அரக்குதான் 78 தட்டிலும் இருப்பது. மரக்கிளையில் பூச்சி கக்கிய பிசின். ஸ்பிரிட்டில் கரையும், சூட்டில் இளகும், கீழே விழுந்தால் சில்லாக உடையும். தட்டு முழுக்க அரக்கென்றும் நினைக்காதீர்கள். அரக்கு ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் கல்தூள், கரி, பஞ்சுத் தூள். நல்ல கலவையா மட்டமான கலவையா என்பது ஊசியை வைத்த நொடியிலேயே தெரிந்துவிடும். மட்டமானது அடைமழை மாதிரி இரையும்.

அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் போனது. போர் வந்ததும் கப்பல் குறைந்தது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு, தட்டுக்கு அரக்கு பயன்படுத்துவதை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைப் பொடித்து உருக்கிப் புதுத் தட்டு போட்ட காலம் அது. போதாக்குறைக்கு இசைக்கலைஞர் சங்கம் அதே வருஷம் ஆகஸ்டில் பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. புத்தியுள்ள எவனும் அப்போது தட்டுக் கம்பெனி ஆரம்பிக்க மாட்டான். சின்சினாட்டியில் சிட் நேதன் என்பவர் 1943இல் ஆரம்பித்தார்.

அவர் கடைக்காரர். தடித்த கண்ணாடி, இரைப்பு. ஜூக்பாக்ஸில் தேய்ந்த தட்டுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி விற்றவர். கென்டக்கி, டென்னசி மலைப்பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த ஜனங்கள் கடையில் வந்து தங்கள் ஊர்ப் பாட்டைத்தான் கேட்டார்கள். 'ஹில்பில்லி' என்று பெரிய கம்பெனிகள் ஒதுக்கிவைத்த பாட்டு. கேட்பவன் இருக்கிறான், சரக்கு இல்லை. அவருக்கு அது போதும்.

அந்த வருஷம் செப்டம்பரில் மெர்ல் டிராவிஸையும் கிராண்ட்பா ஜோன்ஸையும் பக்கத்து ஊரான டேட்டனுக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்தார். இருவருக்கும் டபிள்யூ.எல்.டபிள்யூ. வானொலியில் சம்பளம். சொந்தப் பெயரில் தட்டு வந்தால் வேலைக்கு ஆபத்து. அதனால் லேபிளில் 'ஷெப்பர்ட் பிரதர்ஸ்' என்று போட்டார்கள். கிங் 500 என்ற எண். இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டு என் கைக்கு வந்ததே இல்லை. வந்தால் ஊசி வைக்கும் முன் ஒரு நாள் முழுக்கச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் தட்டுகளை வெளியே கொடுத்துத்தான் அழுத்தினார். லட்சணமாக வரவில்லை. ஏன் என்பதைப் பெரியவர் எனக்கு ஒரு தோசைக்கல்லை வைத்துக் காட்டினார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் நடந்தது, கல் என் வீட்டுடையது. ஆவி மேஜையில் இளகிய கலவை உருண்டையை எடுத்து, மேலும் கீழும் தடம் பதிந்த உலோக அச்சு, அதாவது ஸ்டாம்பர், வைத்த அழுத்து இயந்திரத்தில் வைக்க வேண்டும். லேபிள் அப்போதே உள்ளே போய்விடும். ஆவி விட்டால் கலவை பரவித் தடத்துக்குள் இறங்கும், பிறகு குளிர்ந்த தண்ணீர் விட்டு இறுகவைத்து எடுக்க வேண்டும். வேலை மொத்தமும் ஒரு நிமிஷத்துக்குள். அவசரக்காரன் தண்ணீரில் சில நொடிகள் திருடுவான். அப்படி எடுத்த தட்டு கையில் இருக்கும்போது நேராகத்தான் இருக்கும், ஆறியதும் வளையும். தோசையைச் சூட்டோடு தட்டில் போட்டால் ஓரம் சுருட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

நேதன் வெளி ஆட்களோடு மல்லுக்கட்டவில்லை. அடுத்த வருஷமே சின்சினாட்டியின் எவன்ஸ்டன் பகுதியில், 1540 புரூஸ்டர் அவென்யூவில், பழைய ஐஸ் கிடங்கைப் பிடித்து அழுத்து இயந்திரங்களைப் போட்டார். போகப்போக எல்லாமே அந்தக் கூரைக்கடியில் வந்தது: பாடும் அறை, மாஸ்டர் வெட்டுவது, உலோகப் பூச்சுத் தொட்டி, லேபிள் அச்சு, உறை, பார்சல். காலையில் பாடியதை மறுநாள் லாரியில் ஏற்ற முடிந்த கம்பெனி. இந்தச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பாடகர் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தொட்டியும் ஆவிக்குழாயும்தான். தப்பு நடந்தால் நாலு அடி நடந்துபோய் யாரென்று கேட்கலாம்.

அதற்காக எல்லாத் தட்டும் சரியாக வந்துவிட்டன என்று சொல்லவில்லை. நடு ஓட்டை சற்றே விலகிய தட்டுகளை எல்லாக் கம்பெனியிலும் பார்க்கலாம். பிடில் பாட்டில் தெரியாது, பாஞ்சோவில் தெரியவே தெரியாது. ஸ்டீல் கிடார்தான் காட்டிக்கொடுக்கும். நீண்ட சுரத்தை இழுத்து நிறுத்தும் வாத்தியம் அது; ஓட்டை விலகியிருந்தால் சுற்றுக்கொரு தரம் அந்தச் சுரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலையும். நான் முதலில் கம்ப்யூட்டரில் சரிசெய்யப் பார்த்து மூன்று ராத்திரி கெட்டேன். பெரியவர் செய்தது இவ்வளவுதான். டர்ன்டேபிளின் நடுக்குச்சியைக் கழற்றினார். ஊசியைத் தடத்தில் இறக்கி மெதுவாகச் சுழல விட்டார். காதால் கேட்கவில்லை; டோன் ஆர்மின் வாலை மட்டும் பார்த்தார். அது இடமும் வலமும் ஆடியது. வெளியே போகும் நேரம் பார்த்து, தட்டின் ஓரத்தை ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு தட்டு. இன்னொரு சுற்று, இன்னொரு தட்டு. ஏழெட்டுச் சுற்றில் ஆர்ம் அசையாமல் நின்றது. எனக்கு அந்த நகத்தட்டு கைவர இரண்டு வருஷம் ஆயிற்று. பலமாகத் தட்டினால் தட்டு தாண்டிவிடும். பயந்து தட்டினால் நகராது.

ஊசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்.பி. ஊசியை 78இல் வைக்காதீர்கள். 78 தடம் அகலம். அதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனை வேண்டும், எல்.பி.க்கு ஒரு பங்கு போதும். சின்ன ஊசி தடத்தின் அடிமட்டத்துக்குப் போய்க் குப்பையில் உருளும். கிங் தட்டுகளில் பாதி ஜூக்பாக்ஸில் உழைத்தவை. கனத்த ஆர்ம் ஏறிஏறித் தடத்தின் ஒரு மட்டம் சாம்பல் பூத்திருக்கும். அங்கே பாட்டு இல்லை. அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ உட்காரும் ஊசியைத் தேடவேண்டும். என் பெட்டியில் ஒன்பது ஊசிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்றி அதே பத்து விநாடியைக் கேட்பேன். திடீரென்று ஒன்றில், கதவைத் திறந்துகொண்டு பாடகர் மூன் முலிகன் உள்ளே வந்து பியானோவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இதே தட்டுகளைப் பற்றி ஒரு சேகரிப்பாளருக்கு நான் தெனாவெட்டாக ஒரு கடிதம் எழுதியதுண்டு: கிங் கம்பெனி வேலை மந்தம், கீழ்ச்சுரம் ஊதிப்போயிருக்கிறது, நல்ல காது அங்கே இல்லை என்று. தப்பு என்னுடையது. தட்டு வெட்டும்போது கீழ்ச்சுரத்தைக் குறைத்து மேல்சுரத்தை ஏற்றித்தான் வெட்டுவார்கள்; இசைக்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு வந்ததே 1954இல்தான். நான் 1949 தட்டுக்கு அந்த அளவைப் போட்டுவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த அளவும் போடாமல் முதலில் பதிந்துகொள்வேன், பிறகு காதால் இறக்குவேன். அடையாளம் நின்றடிக்கும் பெரிய பேஸ். தந்தியை இழுத்துப் பலகையில் அறைகிற சத்தம் கேட்கவேண்டும். தந்தி மட்டும் கேட்டால் கீழ்ச்சுரம் கூடுதல், பலகை மட்டும் கேட்டால் குறைவு. அந்தச் சேகரிப்பாளருக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதினேன். அது முதல் கடிதத்தைவிட நீளம்.

லேபிளையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நான் முதலில் தயாரித்த பட்டியலில் 'லோயிஸ் மேன், பெண் பாடலாசிரியர், நிறைய எழுதியிருக்கிறார்' என்று குறிப்பு வைத்தேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அது நேதனின் புனைபெயர். பாட்டு உரிமைக்கு அவர் வைத்திருந்த கம்பெனிக்கும் லோயிஸ் என்றுதான் பெயர். எந்தப் பாட்டில் அவர் எழுதியது எத்தனை வரி, எந்தப் பாட்டில் முதலாளி என்பதால் மட்டும் பெயர் ஏறியது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. காசில் அவர் இறுக்கமானவர், பாடியவர்கள் பலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

லேபிளில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயரும் அடிக்கடி வரும்: ஹென்றி குளோவர். அவர் பெயரைப் பார்த்தால் நான் அந்தத் தட்டைத் தனியே எடுத்து வைப்பேன். நான் அழித்த அந்த டெல்மோர் தட்டிலும் பாட்டை எழுதியவர்களில் அவர் ஒருவர். கறுப்பினத்தவர், டிரம்பெட் வாசித்தவர். 1940களில் வெள்ளைக்காரர்களின் கண்ட்ரி பதிவறையில் அவர் நின்று இப்படி வாசி, அப்படி நிறுத்து என்று சொன்னார். வெளித் தெருவில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாதவர்கள் உள்ளே ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஹாங்க் பென்னி கண்ட்ரியாகப் பாடிய 'பிளட்ஷாட் ஐஸ்' பாட்டையே வைனோனி ஹாரிஸ் 1951இல் ரிதம் அண்ட் ப்ளூஸாகப் பாடினார். உரிமை ஒரே வீட்டில் இருக்கட்டும் என்ற முதலாளிக் கணக்கும் அதில் உண்டுதான். இரண்டு தட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். பேஸ் அறைகிற சத்தம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

இரைச்சலை எடுப்பதில் அளவு வேண்டும். ஒரு முறை வேய்ன் ரேனியின் ஹார்மோனிகா தட்டொன்றைச் சுத்தமாக, மழைத்துளி இல்லாமல் எடுத்தேன். பெருமையாகப் போட்டுக் காட்டினேன். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இவன் எப்போது மூச்சு விடுகிறான் என்று கேட்டார். இரைச்சலோடு மூச்சையும் வழித்து எடுத்திருந்தேன். அன்றிலிருந்து எடுத்ததை மட்டும் தனியே போட்டுக் கேட்பேன். குப்பையில் பாட்டு கேட்டால் பாட்டில் குறை இருக்கிறது.

கிங்கின் பின்கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 1963 மார்ச் 5 அன்று பாடகி பாட்ஸி கிளைனோடு விமானத்தில் போய் மாண்டவர்களில் ஹாக்ஷா ஹாக்கின்ஸும் கௌபாய் கோபஸும் உண்டு, இருவருமே கிங் வளர்த்தவர்கள். ஹாக்கின்ஸின் 'லோன்சம் 7-7203' அவர் போன பிறகு முதலிடத்துக்கு ஏறியது. கோபஸ் அப்போது ஸ்டார்டே கம்பெனிக்கு மாறியிருந்தார். 1968இல் நேதன் இறந்ததும் அதே ஸ்டார்டே கிங்கை வாங்கியது. பிறகு கைமாறிக் கைமாறி, புரூஸ்டர் அவென்யூவில் இயந்திரங்கள் நின்றன. ஜேம்ஸ் பிரவுன் அங்கேதான் பதிந்தார் என்பதால் இன்று வண்டியை நிறுத்திக் கட்டிடத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் போனபோது பக்கவாட்டுச் சுவரில் குழாய் போன துளைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் மேஜைக்கடியில், இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில், கோபஸின் 'ஃபிலிப்பினோ பேபி' இருக்கிறது. 1946ஆம் வருஷத்துச் சரக்கு, கிண்ணம் மாதிரி குழிந்து வந்தது. ஓவனில் வைத்தால் பத்து நிமிஷத்தில் நேராகும் என்பவர்கள் உண்டு. அவர்கள் உடைத்ததும் என்னிடம்தான் வருகிறது. மேலே இரண்டு தொலைபேசி டைரக்டரி, வெயில் ஏறும் ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி. நாளைக்கு ஒரு புத்தகம் சேர்ப்பேன். எப்படியும் இன்னும் மூன்று வாரம் ஆகும். இந்த வாரம் வேலைக்குச் சேர்ந்த பையன் தினமும் குனிந்து பார்க்கிறான். பார்க்கட்டும், கண்ணாடியைத் தூக்காமல் இருந்தால் சரி.