உள்ளங்கை அகல இலை

யூட்டா மாநிலத்தில் ஃபிஷ் லேக் ஏரிக்குப் போகிற சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். முகத்தில் காற்றே படவில்லை. தலைக்கு மேலே ஆஸ்பென் மரங்களில் மட்டும் சலசலப்பு. அரசமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து பழகியவனுக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. ஆஸ்பென் இலையின் காம்பை விரலிடுக்கில் வைத்து உருட்டினேன், உருள மறுத்தது. பக்கவாட்டில் நசுக்கிய நாடா போல் தட்டைக் காம்பு. இலை நடுங்குவதற்கு அதுதான் காரணம்.

பெரிய மரத்தடியிலிருந்து ஓர் இலை எடுத்தேன். சின்ன வெற்றிலையில் பாதி இருக்கும், கிட்டத்தட்ட வட்டம், ஓரமெல்லாம் பொடிப் பற்கள். பத்தடி தள்ளி இடுப்புயரத்தில் நின்ற கன்றிலிருந்து இன்னொன்று பறித்தேன். அது என் உள்ளங்கையையே மூடியது. நுனி வேறு கூராக நீண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி நின்றேன். ஊராக இருந்தால் எந்தக் கட்சி என்று கேட்டிருப்பார்கள்.

"ஏம்மா, இது வேற ஜாதி மரம்போல இருக்கே" என்றேன் மகளிடம்.

"வேற மரமே இல்லைப்பா. இந்தக் காடு முழுக்க ஒரே மரம்தான்."

அதன் பெயர் பாண்டோ. லத்தீனில் 'பரவுகிறேன்' என்று பொருளாம். 106 ஏக்கரில் சுமார் 47,000 தண்டுகள். எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளம்பியவை. வாழையடி வாழை என்று வாழ்த்திப் பழகிய எனக்கு இது தோன்றாமல் போனதுதான் வெட்கம். வாழையில் ஈட்டிக் கன்றின் இலை ஒடுங்கியிருக்கும், வளர்ந்தால் அகலும். அதை யாரும் இரண்டு ஜாதி என்பதில்லை. ஆஸ்பெனில் கதை தலைகீழ். பழைய வேரின் சேமிப்பை உறிஞ்சும் கன்று அகல அகலமாய் இலை விடுகிறது. வளர்ந்த மரமோ சிக்கனக்காரக் கிழவர் மாதிரி சின்ன இலையோடு நிறுத்திக்கொள்கிறது. ஒரே கிளையிலும்கூட, போன கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகிக் காத்திருந்த இலை ஒரு வடிவம், இந்தக் கோடையில் முளைத்து விரிந்த இலை வேறு வடிவம்.

அப்படியானால் இலையை நம்பவே கூடாதா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பர்ட்டன் பார்ன்ஸ் நம்பினார். 1970களில், மரபணுச் சோதனையெல்லாம் வருவதற்கு முன்பே, இலையின் வடிவம் போன்ற வெளித்தோற்றக் குறிகளைக் கொண்டுதான் இது ஒரே மரம் என்று அவர் கண்டார். கன்றின் இலையைக் கிழட்டு மரத்தின் இலையோடு வைத்துப் பார்ப்பது என் மாதிரி ஆட்கள் செய்கிற வேலை. ஒத்த வயது, ஒத்த இடத்து இலைகளை எடுத்தால் பல்லின் எண்ணிக்கையும் அடியின் வளைவும் குடும்பச் சாடையாகத் தெரியும். இலையுதிர் காலத்தில் அதற்கும் அவசியமில்லை. ஒரு மரக்கூட்டம் மொத்தமாக மஞ்சளாகும், பக்கத்துக் கூட்டம் பச்சையாகவே நிற்கும். நடுவே வரப்பு போட்டது போல் எல்லை.

வண்டிக்குத் திரும்பும்போது வேலி ஒன்றைக் காட்டினாள். மானும் மாடும் கன்றுகளைத் தலைதூக்க விடாமல் மேய்ந்துவிடுகின்றனவாம். அதற்காகத்தான் காட்டின் ஒரு பகுதிக்கு வேலி. நாங்கள் நின்றது வேலிக்கு வெளியே.

"மான் விட்டுவச்ச கன்னுலேர்ந்து நீங்க பறிச்சுட்டீங்கப்பா."

சின்ன இலையை அங்கேயே போட்டுவிட்டேன். பெரியதைப் போட மனம் வரவில்லை.