போர்க்காலக் காதலும் மன்னிப்பின் அப்பமும்

தேம்பாவணியை வகுப்பில் பயிற்றுவிக்கும்போதெல்லாம் வீரமாமுனிவர் பிறந்த ஊரின் பெயரை மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறோம். இத்தாலி நாட்டில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு அவர் பிறந்தார் என்பது தமிழ் இலக்கிய வரலாறு கற்றோர் யாவரும் அறிந்த செய்தி. அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர் அந்நிலப்பகுதி எத்தகைய துன்பக்கடலில் மூழ்கிக் கிடந்தது என்பதை ஒரு காதற் புதினத்தின் வாயிலாகவே நாம் முதன்முதலில் அறிந்தோம். அலெசாந்திரோ மன்சோனி இயற்றிய 'மணம் பேசப்பெற்ற இருவர்' என்பது அப்புதினம். ஆங்கில மொழிபெயர்ப்பில் அதனைப் பயின்ற நாளிலிருந்து அது நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

மன்சோனி மிலான் நகரில் 1785இல் பிறந்து 1873இல் மறைந்தவர். 1827இல் புதினத்தை வெளியிட்ட பின்னரும் அதன் நடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. பிளாரன்சு நகரத்தார் பேசும் வாழும் மொழியைச் செவிமடுத்துக் கற்று, நூல் முழுவதையும் திருத்தி 1840ஆம் ஆண்டு முதல் மீண்டும் வெளியிட்டார். இற்றை இத்தாலிய உரைநடைக்கு அந்நூலே அடித்தளம் இட்டது என்பர். மொழியின்பால் ஒரு படைப்பாளன் கொண்ட இத்தகைய அக்கறை தமிழ்த்துறையினராகிய நமக்கு உவகை தருவதாகும்.

கதை 1628ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கோமோ ஏரிக்கரையில் தொடங்குகின்றது. பட்டு நூற்கும் தொழிலாளி ரென்சோ. அவன் மணக்கவிருக்கும் ஏழைப்பெண் லூசியா. அவள்மீது கண்வைத்த தோன் ரொத்ரிகோ என்னும் நிலக்கிழான், தன் அடியாட்களை விடுத்துத் திருமணத்தை நடத்தலாகாது எனப் பங்குக் குருவை மிரட்டுகின்றான். குரு அஞ்சிப் பின்வாங்க, காதலர் ஊரைவிட்டு ஓடிப் பிரிகின்றனர். லூசியா மடத்தில் அடைக்கலம் புகுந்தும் கடத்தப்படுகின்றாள். ரென்சோ மிலானில் ரொட்டிப் பஞ்சத்தால் மூண்ட கலகத்தில் சிக்கி, எல்லை கடந்து வெனிசு ஆட்சிக்குட்பட்ட பெர்காமோவில் ஒளிகின்றான்.

இவ்விருவர்தம் சிறு வாழ்வின்மேல் பெரும்போர் ஒன்று வந்து கவிகின்றது. மாந்துவாவின் கோமகன் 1627இன் இறுதியில் நேர் வாரிசின்றி இறந்தான். அவன் அரியணைக்காகப் பிரான்சு ஒருபுறமும் ஸ்பெயினும் செருமானியப் பேரரசனும் மறுபுறமும் நின்று பொருதனர். 1629இல் ஆல்ப்சு மலை கடந்து இறங்கிய பேரரசன் படை, வழியிலுள்ள சிற்றூர்களையெல்லாம் சூறையாடிச் சென்றது. மறு ஆண்டு சூலைத் திங்களில் மாந்துவா நகரம் கொள்ளையிடப்பட்டது. படையுடன் பிளேக் என்னும் கொள்ளை நோயும் வந்தது. 1630இல் மிலான் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை அந்நோய் வாரிச் சென்றது. அரியணை எவருக்கு என்பது அரண்மனைகளின் வழக்கு; அதற்கான விலையைத் தந்தவர்களோ ஏரிக்கரை உழவர்களும் நெசவாளிகளும் ஆவர்.

'சமயச் சார்புடைய புதினத்தில் நடுநிலை இருக்குமா ஐயா?' என்று மாணவர் ஒருவர் நம்மை வினவியதுண்டு. மன்சோனி ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கையாளர். அதனை அவர் மறைத்தாரில்லை. ஆயினும் தம் நூலில் முதற்கண் அவர் நிறுத்தும் குருவாகிய தோன் அப்போந்தியோ ஒரு கோழை. தன் உயிர் ஒன்றே பெரிதென எண்ணித் தன்னை நம்பிய ஏழையரைக் கைவிட்டவர். அவரை எதிரே நிறுத்திக் கடமையை நினைவூட்டுபவர் கர்தினால் பெதெரிகோ பொரோமெயோ. இவர் வரலாற்றில் வாழ்ந்த பெருமகன். மிலானில் அம்புரோசிய நூலகத்தை நிறுவி 1609இல் கற்பார்க்குத் திறந்து வைத்தவர். கிரேக்கம் முதலாக எருசலேம் வரை ஆளனுப்பிச் சுவடிகள் தேடியவர். அரபு, பாரசீகம், எபிரேயம் ஆகிய மொழிகளில் அச்சிட அச்சுக்கூடம் அமைத்தவர் என்று மன்சோனி போற்றுகின்றார். தன் சமயத்தாரின் குறையை மறையாமலும் பிறர்தம் கல்வியை மதித்தும் எழுதப்பட்ட சமயப் புதினத்தை எச்சமயத்தாரும் கற்கலாம் என்பதே அம்மாணவர்க்கு நாம் அளித்த விடை.

காதலர்க்குத் துணைநிற்கும் கிறிஸ்தோபரோ அடிகளின் முன்வரலாறு உள்ளத்தை உருக்குவது. துறவு பூணுமுன் அவர் செல்வ வணிகரின் மகன். தெருவில் யார் யாருக்கு வழிவிடுவது என்னும் அற்பப் பூசலில் வாளுருவி ஒருவனைக் கொன்றார். அவருடைய பணியாளனும் அவரைக் காக்க முனைந்து மாண்டான். துறவியானபோது அப்பணியாளனின் பெயரையே தம் பெயராக ஏற்றார். பின்னர்க் கொலையுண்டவனின் தமையன் இல்லத்திற்குச் சென்று, சுற்றத்தார் சூழ்ந்த அவையில் மண்டியிட்டு மன்னிப்பு வேண்டினார். மன்னித்த தமையன் வழிக்கென அளித்த விருந்துணவை ஏலாது, மன்னிப்பின் அடையாளமாக ஓர் அப்பம் மட்டும் கேட்டுப் பெற்றார். அதில் ஒரு துண்டை வாழ்நாள் முழுதும் காத்துவந்தார்.

போர்க்காலக் காதற்கதைகளில் பகைவனைக் கொன்று காதலன் காதலியை அடைவதே பெருவழக்கு. மன்சோனி அவ்வழி செல்லவில்லை. மிலானின் கொள்ளை நோய் விடுதியில் லூசியாவைத் தேடிவரும் ரென்சோ, அவளைக் காணாவிடின் ரொத்ரிகோவைத் தேடிப் பழிதீர்ப்பேன் எனக் கொதிக்கின்றான். அடிகள் அவனைக் கடிந்து, ஒரு குடிலுக்குள் அழைத்துச் செல்கின்றார். அங்கே நினைவிழந்து சாகக் கிடப்பவன் அதே ரொத்ரிகோ! அவனுக்காக மனமார வேண்டிய பிறகே ரென்சோ லூசியாவைக் காண்கின்றான். கடத்தப்பட்ட இரவில் அச்சத்தால் கன்னித்துறவு நேர்ந்திருந்த அவளையும், முன்னரே ஒருவனுக்கு வாக்களித்தவள் அவன் உரிமையையும் சேர்த்து நேர்ந்தளிக்க இயலாது எனக் கூறி அடிகள் விடுவிக்கின்றார்.

மன்னிப்பு இல்லாத இடத்தில் நிகழ்வது யாது என்பதற்கும் மன்சோனி சான்று வைத்துள்ளார். புதினத்தின் பிற்பதிப்போடு 'இழிவுத் தூண்' என்னும் மெய் வரலாற்றையும் இணைத்தார். 1630 சூன் திங்களில் சுவரோரமாகக் கையைத் துடைத்துச் சென்ற நலவாழ்வு அலுவலர் ஒருவரைச் சாளரத்திலிருந்து கண்ட பெண், நோயைப் பூசிச் செல்கின்றார் என ஐயுற்றாள். வதந்தி வழக்காயிற்று. வதை தாளாத அவர், மோரா என்னும் முடிதிருத்துநரின் பெயரைச் சொன்னார். இருவரும் கொடுமையாகக் கொல்லப்பட்டனர். மோராவின் வீட்டை இடித்து, அவ்விடத்தில் அவரை இழிக்கும் தூணை நாட்டினர். 1778 வரை அத்தூண் அங்கே நின்றது. சித்திரவதையைக் கண்டித்து 1764இல் நூல் எழுதிய பெக்காரியா, மன்சோனியின் தாய்வழிப் பாட்டனார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இப்பகுதியை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் மீண்டும் படித்தோம். நாம் குடியிருக்கும் தெருவுக்குப் பல்லாண்டுகளாகக் காய்கறி கொணரும் தள்ளுவண்டிப் பெரியவரை, நோயைக் கொண்டுவருபவர் என்னும் வதந்தியை நம்பிச் சிலர் தெருமுனையிலேயே திருப்பியனுப்பிய காலம் அது. தளர்வு வந்ததும் அவர் மீண்டும் வந்தார். தம்மைத் திருப்பியனுப்பிய வீட்டார்க்கும் வழக்கம்போல் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கொடுத்தார். 'வருத்தம் இல்லையா பாய்?' என்று கேட்டோம். 'இருந்துச்சு சார். அதையும் வண்டியில ஏத்திக்கிட்டா தள்ள முடியாதே' என்றார். நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட மிலானின் கதை நமக்கு அயலானதன்று என்பதை அவர் சொல்லால் உணர்ந்தோம்.

மாணவச் செல்வங்களே! வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமைக்கும் இன்னா செய்யாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். எச்சமயத்து மறைநூலும் மன்னிப்போரைப் போற்றாமல் இல்லை. சொல்வது எளிது, இழந்தவன் ஒருவன் அதனைச் செய்யும்போது அவன் நெஞ்சில் நிகழும் போரைக் காட்டுவதே இலக்கியத்தின் பணி. அப்பணியை நிறைவேற்றும் நூல் எம்மொழியினதாயினும் நாடிக் கற்பீராக.

நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தே கிறிஸ்தோபரோ அடிகள் மறைகின்றார். அதற்குமுன், அந்தப் பழைய அப்பத்துண்டு இருந்த சிறு பேழையை ரென்சோவிடமும் லூசியாவிடமும் ஒப்படைக்கின்றார். செருக்கும் சினமும் மிகுந்த உலகில் பிறக்கப்போகும் உங்கள் மக்களுக்கு இதனைக் காட்டுங்கள், எப்போதும் மன்னிக்கக் கற்றுக்கொடுங்கள் என்கின்றார். அவ்வேழை மணமக்கள் பெற்ற சீர்களுள் தலையாயது அதுவே.