திறந்த மடல்

ஆங்கிலத்தில் வழங்கும் 'பேட்டன்ட்' என்னும் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'திறந்திருத்தல்' என்பதே அதன் பொருள். இடைக்கால ஐரோப்பிய அரசர்கள் இருவகை மடல்களை விடுத்தனர். ஒன்று, முத்திரையை உடைத்தாலன்றிப் படிக்க இயலாதது. மற்றொன்று, முத்திரை அடியில் தொங்க, எவரும் விரித்துப் படிக்கத்தக்கது. நிலக்கொடை, பதவி, தனியுரிமை ஆகியவை இரண்டாம் வகை மடலால் அறிவிக்கப்பட்டன. அந்தத் திறந்த மடலின் பெயரே பின்னாளில் கண்டுபிடிப்புக்குரிய உரிமையின் பெயராயிற்று.

தமிழில் அதற்கு அமைந்த சொல் 'காப்புரிமை'. காப்பும் உரிமையும் அச்சொல்லில் உள்ளன, திறப்பு இல்லை. பதிப்புரிமையையும் காப்புரிமை என்றே எழுதும் வழக்கம் இந்த மயக்கத்தை மேலும் வளர்த்தது. சொல்லில் விடுபட்ட பாதி எண்ணத்திலும் விடுபட்டுப்போனது. காப்புரிமை என்றதும் பூட்டிய பெட்டி ஒன்று மனத்தில் எழுகிறது. சட்டமோ பெட்டியைத் திறந்து காட்டியவருக்கே உரிமை தருகிறது.

பூட்டிய பெட்டி என்பது உவமை மட்டுமன்று. வரலாற்றில் அப்படியொரு பெட்டி உண்மையிலேயே இருந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சேம்பர்லென் என்னும் மருத்துவக் குடும்பம், கடினமான மகப்பேற்றில் குழந்தையின் தலையைப் பற்றி வெளிக்கொணரும் இடுக்கியை உருவாக்கியது. தாயையும் சேயையும் ஒருங்கே காக்கவல்ல அக்கருவியை அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக மறைத்தே வைத்திருந்தனர். நூறாண்டுக்கும் மேலாக அதன் பயன், அவர்களை அழைக்க வசதி படைத்தோருக்கு மட்டுமே கிட்டியது. 1813இல் எசெக்ஸ் மாவட்டத்தில் அக்குடும்பத்தார் முன்பு வாழ்ந்த மாளிகையில், தரைப்பலகைக்கு அடியில் மறைத்துவைத்த இடுக்கிகள் கண்டெடுக்கப்பட்டன. அவ்வளவு காலமும் அக்கருவி எட்டாமல் பிரசவத்தில் மாண்டோரைக் கணக்கிட்டவர் எவருமில்லை.

இத்தகைய மறைப்புக்கு மாற்றாகவே காப்புரிமை என்னும் ஏற்பாடு வளர்ந்தது. வெனிஸ் நகர அரசு 1474இல் இயற்றிய சட்டம், புதிய கருவியைச் செய்து அரசிடம் தெரிவிப்பவருக்குப் பத்தாண்டுத் தனியுரிமை அளித்தது. இங்கிலாந்தின் 1624ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பதினான்கு ஆண்டுகள் என வகுத்தது. இன்று இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். காலம் மாறினும் உடன்பாட்டின் சாரம் ஒன்றே: கண்டறிந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால், பிறர் அதைச் செய்வதைக் குறிப்பிட்ட காலம் தடுக்கும் உரிமை கிடைக்கும், காலம் முடிந்தபின் அது அனைவர்க்கும் உரியது.

இந்தியாவில் இந்த உடன்பாடு 1856ஆம் ஆண்டின் ஆறாம் சட்டத்தால் அறிமுகமாயிற்று. அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள், கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்னும் கட்டடப் பொறியாளர் விண்ணப்பித்தார். அவர் உரிமை கோரியது பங்கா இழுக்கும் பொறி ஒன்றுக்கு. செப்டம்பரில் வரைபடங்களுடன் விவரத்தை அளித்த பின்னர், இந்தியாவின் முதல் உரிமையாக அது ஏற்கப்பட்டது. அறையில் அமர்ந்திருப்பவருக்குக் காற்று வர, வெளியே ஒருவர் நாள் முழுதும் கயிற்றை இழுத்த காலம் அது. அடுத்த ஆண்டே, அரசியின் இசைவு முன்கூட்டிப் பெறப்படவில்லை என்னும் காரணத்தால் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1859இல் மறுவடிவம் பெற்றது. பங்கா இழுப்போர் அதன் பிறகும் நெடுங்காலம் இழுத்துக்கொண்டுதான் இருந்தனர். மின்விசிறி வந்த பிறகே அவர்கள் கை ஓய்ந்தது. உரிமை வழங்கப்பட்டதாலேயே ஒரு கருவி வாழ்க்கைக்குள் வந்துவிடுவதில்லை என்பதை இந்நாட்டின் முதல் விண்ணப்பமே காட்டிவிட்டது.

கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட மற்றொரு விண்ணப்பம் ஆய்வாளர் உலகுக்கு இன்னும் நெருக்கமானது. ஜகதீஷ் சந்திர போஸ், கலேனா என்னும் ஈயக் கனிமப் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவியைச் செய்திருந்தார். கண்டுபிடிப்பால் பொருளீட்டுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. அவருடைய நண்பர் சாரா புல் அம்மையாரின் வற்புறுத்தலால் 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 1904 மார்ச் 29 அன்று 7,55,840 என்னும் எண்ணுடன் உரிமை கிடைத்தது. அதைக் கொண்டு போஸ் பணம் ஈட்ட முயலவில்லை. 1917இல் தம் பெயரிலான ஆய்வு நிலையத்தைத் தொடங்கியபோது, அங்கு நிகழும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறப்படாது என்றே அறிவித்தார். அறிவு பொதுச்சொத்து என்னும் அவருடைய நிலைப்பாடு போற்றத்தக்கது. ஆயினும் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. அவர் விரும்பாமல் பெற்ற அந்த ஆவணமே, குறைக்கடத்திப் படிகத்தால் அலைகளை உணர்ந்தவர் யார், எப்போது, எவ்வாறு என்னும் வினாக்களுக்கு இன்றும் எவரும் எடுத்துப் படிக்கத்தக்க விடையாக நிற்கிறது. அந்த மடலின் காப்பை அவர் பயன்படுத்தவில்லை. திறப்பு மட்டும் எஞ்சியது.

டொராண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்தவர்கள் வேறு வழியைத் தேர்ந்தனர். மருத்துவர் ஒருவர் மருந்துக்குத் தனியுரிமை கொள்வது தொழிலறத்துக்குப் பொருந்தாது என்று பான்டிங் முதலில் விலகி நின்றார். ஆனால் எவரும் உரிமை பெறாவிட்டால், நாளை வேறொருவர் அதைப் பெற்று மருந்தை முடக்கிவிடக்கூடும் என்னும் அச்சம் இருந்தது. இறுதியில் பான்டிங், பெஸ்ட், கோலிப் ஆகிய மூவர் பெயரிலும் விண்ணப்பம் சென்றது. ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு அவர்கள் உரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக் கொடுத்தனர். 1923இல் அமெரிக்க உரிமை வழங்கப்பட்டது. கதவைப் பிறர் பூட்டிவிடாமல் இருக்கவே சாவியை வாங்கி வைத்த செயல் அது. 1959இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்றுமுனை இருக்கைப்பட்டையும் இவ்வகையில் சேரும். உரிமை தன்னிடம் இருந்தபோதும், பிற நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வால்வோ இடமளித்தது.

காலத்தை முந்திவிட்ட மடல்களும் உண்டு. 1942 ஆகஸ்ட் 11 அன்று, ஹெடி கீஸ்லர் மார்க்கி, ஜார்ஜ் ஆந்தைல் என்னும் இருவருக்கு, எதிரி குறுக்கிட முடியாதபடி வானொலி அலைவரிசையை இடைவிடாது மாற்றிக்கொண்டே நீர்மூழ்கிக் குண்டைச் செலுத்தும் முறைக்கு உரிமை கிடைத்தது. முதலாமவர் ஹெடி லமார் என்னும் பெயரில் புகழ்பெற்ற திரைநடிகை, இரண்டாமவர் இசையமைப்பாளர். தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளே அவர்களுடைய பொறிக்கு முன்மாதிரி. அலைவரிசைகளின் எண்ணிக்கையும் பியானோவின் கட்டைகளைப் போல 88. அப்போரில் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. உரிமைக் காலம் 1959இல் முடிந்தது. அலைவரிசை தாவும் உத்தி பின்னர் படைத்துறைத் தகவல்தொடர்பிலும் புளூடூத்திலும் பரவியபோது, இருவருக்கும் அதனால் ஒரு காசும் வரவில்லை. அவர்கள் பெயர் மறக்கப்படாமல் மீண்டு வந்ததற்கு அந்த ஆவணமே காரணம்.

திறந்த மடல் என்பதால் அதை எவரும் எதிர்த்து வாதாடவும் இயலும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்க உரிமை வழங்கப்பட்டபோது, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அதை எதிர்த்தது. 'எங்கள் வீடுகளில் காலங்காலமாகச் செய்கிறோம்' என்னும் கூற்று மட்டும் அங்கே போதவில்லை. சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள் என 32 சான்றுகள் எழுத்துவடிவில் முன்வைக்கப்பட்டன. 1997இல் அமெரிக்க அலுவலகம் அந்த உரிமைக்கோரல்களை நிராகரித்தது. இதன் தொடர்ச்சியாக 2001இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னூலகம், ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழிலுள்ள சித்த மருத்துவ நூல்களையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் காப்புரிமைப் பரிசோதகர்களின் பார்வைக்கு வைத்தது. சுவடியைப் பூட்டி வைத்திருந்தால் காக்க முடியாததை, பரிசோதகர்முன் விரித்து வைத்துக் காத்த நிகழ்வு இது.

உடன்பாட்டின் எடை எவ்வளவு என்பதை இந்தியா தனக்கென நிறுத்துப் பார்த்த வரலாறும் உண்டு. நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் தடத்தில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் உருவாயிற்று. உணவுக்கும் மருந்துக்கும் பொருளுரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உரிமை என்று அது வகுத்தது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையால் 2005இல் மருந்துகளுக்குப் பொருளுரிமை திரும்பியது. அப்போது, அறியப்பட்ட மருந்தின் புதிய வடிவம் நோய் தீர்க்கும் திறனில் மேம்பட்டாலன்றி உரிமைக்குத் தகாது என்னும் விளக்கம் மூன்றாம் பிரிவில் சேர்க்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் அளித்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் இதன் அடிப்படையிலேயே மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை உறுதிசெய்தது. அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்துக்குச் சுமார் 10,000 ரூபாய். ஒரு படிகம் புதிதா, அதனால் பயன் கூடுகிறதா என்னும் பரிசோதகரின் வினாவில் எத்தனை குடும்பங்களின் வாழ்வு தொங்கியது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லும்.

இவ்வளவு எடையுள்ள ஆவணம் இன்றைய கல்விக்கூடங்களில் எவ்வாறு எண்ணப்படுகிறது என்பதைப் பார்க்கும்போதுதான் கவலை எழுகிறது. தேசிய நிறுவனத் தரவரிசையின் மதிப்பெண்களில் 'வெளியிடப்பட்டவை', 'வழங்கப்பட்டவை' என இருவகைக் காப்புரிமைகளும் இடம்பெறுகின்றன. முதல் வகையின் பொருளை மாணவர் பலர் அறிவதில்லை. இந்தியாவில் அளிக்கப்படும் விண்ணப்பம், சில விலக்குகள் நீங்கலாக, 18 மாதங்களுக்குப் பிறகு தானாகவே இதழில் வெளியாகும். கூடுதல் கட்டணம் செலுத்திக் கோரினால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெளியாகும். அந்நிலையில் அது புதியதா, துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றாததா, செய்து பார்க்கக் கூடியதா என எந்த அலுவலரும் ஆராய்ந்திருப்பதில்லை. பரிசோதனைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். உரிய காலத்துக்குள் கோராவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். ஆக, 'வெளியிடப்பட்ட காப்புரிமை' என்று தன்விவரக் குறிப்பில் எழுதப்படுவது ஒரு கோரிக்கை மட்டுமே. மடல் அனுப்பப்பட்டது, மறுமொழி இன்னும் வரவில்லை.

2021இல் கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. ஆய்வகங்களுக்கு அது நல்வாய்ப்பு. ஆனால், பணம் செலுத்தினால் விண்ணப்பத்தில் பெயர் சேர்த்துத் தருவதாகக் கூறும் விளம்பரங்களும் சமூக ஊடகங்களில் வெளிப்படையாக உலவுகின்றன. ஒருவரையொருவர் அறியாத பலர், தாம் பார்த்திராத கருவிக்குக் கண்டுபிடிப்பாளராகின்றனர். 'உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்' என்று சட்டம் சொல்லும் தொடர் அங்கே பொருளிழக்கிறது. இதில் பெரிதும் இழப்பவர், ஈராண்டு ஆய்வகத்தில் உழைத்து ஒரு வினையூக்கியையோ உணரியையோ செய்து முடித்த மாணவர். அவருடைய ஒரு வரியும் விலைக்கு வந்த ஒரு வரியும் நேர்முகத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெறுகின்றன.

இதற்கு மாற்று கடினமானதன்று. ஏனெனில் மடல் திறந்தே இருக்கிறது. கண்டுபிடிப்பையும் அது இயங்கும் விதத்தையும் முழுமையாக விவரிக்க வேண்டும், விண்ணப்பதாரர் அறிந்த சிறந்த செய்முறையை வெளிப்படுத்த வேண்டும் என்று சட்டத்தின் பத்தாம் பிரிவு கூறுகிறது. தேர்வுக்குழுவில் அமர்பவர்கள் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேட்கலாம்: முழு விவரக்குறிப்பு, பரிசோதனை அலுவலரின் முதல் அறிக்கை, அதற்கு அளித்த மறுமொழி. பிறகு முதலாவது உரிமைக்கோரலைச் சொந்தச் சொற்களில் விளக்கச் சொல்லலாம். உழைத்துச் செய்தவர் கரும்பலகையை நோக்கி எழுந்து போவார். அந்தப் பத்து நிமிடங்களைச் செலவிடக் குழு ஆயத்தமாக இருக்க வேண்டும்.