எந்த மலை ஏறிய வண்டி

நவம்பர் 2, 2025, ஞாயிறு. உத்தமபாளையம்.

புது வண்டியா, ஓடின வண்டியா என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. பேச்சு முற்றுவதற்குள் வண்டி எதற்கு என்பதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக ஸ்கூட்டரும் பஸ்ஸும் போதும். இந்த வண்டி ஊர் சுற்ற. பணி ஓய்வில் வந்த பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். நானும் வீட்டுக்காரரும் அத்தையும், லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து போக வேண்டும். சுருளி, வீரபாண்டி, வைகை அணை, லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம். இன்னும் கொஞ்சம் துணிந்தால் போடிமெட்டு ஏறி மூணாறு. எல்லாவற்றுக்கும் முதலில் மேகமலை. பள்ளிக்கூட ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடியே வேலைக்காலம் முழுவதும் பாடம் நடத்தியவள் நான். பார்த்தது போதும், ஏற வேண்டும்.

அத்தைக்கு மூட்டு வலி. படி உயரமான வண்டியில் அவரால் ஏற முடியாது. இது முதல் நிபந்தனை.

நவம்பர் 6, வியாழன்

வீட்டுக்காரருக்குக் கேரவன் ஆசை வந்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. நம் பக்கத்தில் சினிமா ஷூட்டிங் வந்தால்தான் கேரவனைப் பார்ப்போம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா அதைச் சுற்றுலாவாகவே ஆக்கியிருக்கிறது. 2021-ல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்து, 2022-ல் வாகமணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தார்கள். குமுளியிலிருந்து வாகமண் ஒன்றும் தூரமில்லை.

“பழைய வேன் ஒண்ணை வாங்கி, சீட்டைக் கழட்டிட்டு நாமளே கட்டில் போட்டுக்கலாமே” என்றார். அது அவ்வளவு லேசில்லை. கம்பெனி செய்து பதிவான அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேரவனாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அதற்கான ஏஐஎஸ் 124 தரத்தின்படி கட்டியிருக்க வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்து முடிக்கிற வேலை இல்லை.

அப்படியே கட்டினாலும் எங்கே நிறுத்திப் படுப்பது? மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். தென்பழனி சோதனைச் சாவடியில் இருட்டிய பிறகு மேலே விட மாட்டார்கள். யானை நடக்கிற காட்டில் அது சரியான கட்டுப்பாடு. காலையில் ஏறிப் பொழுதோடு இறங்குகிறவர்களுக்கு உள்ளே கட்டில் எதற்கு? கேரவனில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டுமானால் வாகமணுக்குப் போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

தேனி ஷோரூம்கள். புது வண்டியின் வாசனைக்கு மனசு சாய்ந்தது நிஜம். ஆன்ரோடு விலைச் சீட்டை வாங்கி வந்து வரி வரியாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியிருக்கிறது. நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். அந்த அளவைத் தாண்டினால் 40. எங்கள் கூட்டத்துக்கு வேண்டியது ஏழு பேர் தாராளமாக உட்காரும் வண்டி. அந்த வகையில் பெரும்பாலானவை அளவைத் தாண்டுகின்றன. இதற்கு மேல் தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி. 2023 நவம்பர் முதல் அஞ்சு லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் இருந்தால் 13 சதவீதம், தாண்டினால் இருபது லட்சம் வரை 18. புது வண்டிக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்டுவதும் 2018 முதல் கட்டாயம்.

இன்சூரன்ஸ்காரர்கள் வண்டிக்கு மதிப்புப் போடும் அட்டவணையையும் எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு. வருஷம் முடிவதற்குள் 15. இரண்டாம் வருஷம் 20, மூன்றாம் வருஷம் 30, நான்காம் வருஷம் 40, ஐந்தாம் வருஷம் 50. பத்து லட்சத்து வண்டி ஐந்தாம் வருஷத்தில் அஞ்சு லட்சம். தினமும் ஓடி நாலு காசு கொண்டுவருகிற வண்டிக்கு இந்தக் கழிவு பொருட்டில்லை. எங்கள் வண்டி மாதத்தில் முக்கால்வாசி நாள் வேப்பமரத்தடியில் நிற்கப் போகிறது. சும்மா நிற்பதற்கா இவ்வளவு கழிவு?

நவம்பர் 15, சனி. கம்பம்

தம்பி ஒரு ஜீப் பார்த்து வைத்திருந்தான். மஹிந்திரா கமாண்டர், 1999 பதிவு. “அக்கா, இது இரும்பு. இடிச்சாலும் நிக்கும். உனக்குன்னா ஒண்ணேமுக்காலுக்கு முடிச்சுத் தர்றேன்னு சொல்றாப்ல.”

அந்த ஜீப்பின் சரித்திரம் கேட்காமலே தெரிந்தது. பின்பக்கப் பலகை இருக்கைகள் உட்கார்ந்து உட்கார்ந்து மழுங்கிக் கிடந்தன. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் ஊர்களில் விடிவதற்கு முன்னால் தூக்குவாளியோடு பெண்கள் நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகள் இவை. என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் அப்படிப் போனவர்கள். மழையிலும் பனியிலும் அளவுக்கு மீறி நெருக்கிக்கொண்டு அவர்கள் போய் வந்துதான் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. அந்த ஜீப்பை மரியாதையோடு தொட்டுப் பார்த்தேன்.

வாங்குவது வேறு விஷயம். அத்தையால் ஏற முடியாது. இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க இந்த ஆகஸ்ட் முதல் பத்தாயிரம் ரூபாய். அதோடு எஃப்சி, பசுமை வரி. அஞ்சு வருஷம் கழித்துத் திரும்பவும் இதே செலவு. பிள்ளைகளுக்கு பெல்ட் கிடையாது. பலகையில் பக்கவாட்டில் உட்கார்ந்து கொண்டைஊசி வளைவில் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

“மச்சான்ட்ட கேளுக்கா, அவருக்குப் பிடிக்கும்” என்றான். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நவம்பர் 19, புதன்

கார்த்திகை பிறந்துவிட்டது. பைபாஸில் ராத்திரியெல்லாம் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். சீசனில் போகிற வண்டிகளைக் கம்பமெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்புகிறவற்றைக் குமுளி மலை வழியாக இறக்குவார்கள். லோயர் கேம்ப்பில் டீக்கடை முன்னால் அரைமணி நேரம் நின்றால், இறங்கி வரும் வண்டிகளில் எது எப்படி ஓட்டப்பட்டது என்று மூக்குக்கே தெரியும். பிரேக் லைனர் கருகும் வாசனை. சமவெளிக்காரர்கள் இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே வருகிறார்கள். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு. சின்னமனூர்

இன்று ஒரு பட்டறையில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக், நான் வகுப்பெடுத்த பையன். இப்போது அவர் தலையிலும் நரை. “டீச்சர், நீங்க வாங்கப்போறது ஊர் சுத்துற வண்டி. கிலோமீட்டரைப் பாக்காதீங்க” என்று தொடங்கினார். பிறகு அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கம்பத்திலிருந்து கம்பமெட்டு பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆளும் சுமையுமாக இரண்டாங்கியரில் ஏறுகிற வண்டிக்கு இன்ஜின் நாற்கர சாலையில் ஓடுகிற வேகத்தில் சுற்றுகிறது. மீட்டரோ மெதுவாகத்தான் நகர்கிறது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் மலையில் ஓடின வண்டி, மதுரை–திருச்சி சாலையில் லட்சம் ஓடியதை விடக் களைத்திருக்கும். இந்தப் பக்கம் விற்பனைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு மலையில் உழைத்தவை. புரோக்கர் “கம்மி கிலோமீட்டர்” என்பான். பொய் இருக்காது. ஆனால் அதை வைத்து வண்டியின் வயதைச் சொல்ல முடியாது.

மலை ஏறின தடயம் எங்கே இருக்கும்? முதலில் கிளட்ச். மேட்டில் மூன்றாங்கியரில் மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வண்டி அந்த வேகத்துக்கு ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. அடுத்தது இரண்டாங்கியர். மாற்றும்போது உரசுகிறதா, ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக வெளியே துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே நீலம் பாரித்த திட்டுகள் தெரியும். அது பலமுறை காய்ந்து ஆறின இரும்பு. ஸ்பிரிங் பட்டையில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் சுமை அடித்திருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்துச் சாலையில் கல் அடித்து ஆயில் சம்ப் நெளிந்திருக்கும், மூடுபனி ஈரத்தில் சேசிஸ் உள்மடிப்புகள் துருப்பிடித்திருக்கும். மேலே பட்டி பார்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும் அடியில் யாரும் அடிப்பதில்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளக்கூடாது.

“அப்ப புதுசே வாங்கிரவா?” என்று கேட்டேன்.

“எதுக்கு டீச்சர்? பழசு வேணாம்னு நான் சொல்லலையே. மலை ஏறாத பழசா வாங்குங்க. மலையை நீங்க ஏத்துங்க.”

டீசலா பெட்ரோலா என்பதற்கும் பதில் கிடைத்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சுத்தமாக நெடுஞ்சாலையில் அவ்வப்போது நீளமாக ஓட வேண்டும். மரத்தடியில் நின்றுவிட்டு எப்போதாவது மெதுவாக மலை ஏறும் வண்டிக்கு அது ஒத்துவராது. பெட்ரோல்தான்.

எத்தனை வருஷப் பழசு என்பதை நானே முடிவு செய்துவிட்டேன். 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக், பழைய மாடல்களுக்கும் சேர்த்து, 2021 டிசம்பரோடு கட்டாயமாயிற்று. ஆகவே 2022-ல் செய்த வண்டிக்கு முந்தியது எதுவும் வேண்டாம். பேரப்பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியில் இதைப் பேரம் பேசமாட்டேன். நாலாம் வருஷத்து வண்டியில் 40 சதவீதக் கழிவை முதல் சொந்தக்காரர் சுமந்துவிட்டார். வாழ்நாள் வரியும் அவரே கட்டிவிட்டார். ஆர்சி இன்னும் பதினோரு வருஷம் இருக்கும்.

தம்பி போனில் குமுளியில் கேரளப் பதிவு வண்டி ஒன்று மலிவாக இருப்பதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அங்கிருந்து என்ஓசி வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டிப் பதிவை மாற்ற வேண்டும். அதோடு அதுவும் இடுக்கி மலையிலேயே ஓடின வண்டி.

நவம்பர் 28, வெள்ளி. மதுரை

ஏழு பேர் வேன், பெட்ரோல், 2022 மார்ச் பதிவு, சிங்கிள் ஓனர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். சென்னைக்கு மகனோடு குடிபோகிறாராம். மெக்கானிக்கையும் கூட்டிப் போயிருந்தேன்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று முதலில் பார்த்தோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளம் என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் முழுகின வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேறு காய்ந்த கறை தெரியும். சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்புச் சட்டம் துருப்பிடித்திருக்கும். இதில் எதுவும் இல்லை. பின்னிருக்கை பெல்ட்டுகள் பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் இருந்தன. சர்வீஸ் பில்லெல்லாம் மதுரை, ராமேஸ்வரம் சாலைக் கதையைத்தான் சொன்னது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம்: 0622. 2022-ன் ஆறாவது வாரம் செய்தது. கட்டை இன்னும் இருக்கிறது, ஆனாலும் மலைக்குப் புது டயர் போட்டுக்கொள்வேன். அத்தையைக் கூட்டி வரவில்லை. அதனால் படி உயரத்தைக் கையால் அளந்து போனில் சொன்னேன். “நம்ம திண்ணை உசரந்தேன். ஏறிருவேன்” என்றார்.

விற்பவர் கடனில் வாங்கியிருந்ததால் ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தது. அதை நீக்கும் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் வந்த பிறகுதான் முழுப்பணம் என்று பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்தோம்.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று கார்த்திகை தீபம். வாசல் விளக்குக்கு நடுவே வண்டி வந்து நின்றது. இன்று உத்தமபாளையம் மோட்டார் வாகன ஆபீஸில் படிவம் 29, 30 கொடுத்தாயிற்று. மதுரைக்காரர் கடைசி வரை கூடவே இருந்தார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அறிந்தவர். ஓடின வண்டியை விற்கிற ஒவ்வொருவரும் இப்படி இருந்தால் நல்லது.

இன்சூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற வேண்டும். மதுரைக்காரர் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை நான் கட்ட வேண்டும். புரோக்கர்கள் இதைச் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை: நாலு டயர், பிரேக் ஆயில், கூலன்ட். மரத்தடியில் நிற்கும்போது எலி ஒயரைக் கடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து வைத்து, கொஞ்சத் தூரம் ஓட்டி வர வேண்டும். பாட்டரிக்கும் அது நல்லது. வீட்டுக்காரர் மெத்தை ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், மடித்துப் பின்னால் போடுவதற்கு. சீட்டைக் கழற்றாதவரை எனக்கு ஆட்சேபமில்லை.

மேகமலைக்கு அரையாண்டு லீவில். பதினெட்டு கொண்டைஊசி வளைவு; ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். ஏறும்போது அவர் ஓட்டட்டும். பிள்ளைகள் பலகைகளை உரக்கப் படிக்கட்டும். இறங்கும்போது நான் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன், இரண்டாங்கியரில்.