ஆள் சேராத போட்டிகள்

"போதிய படைப்புகள் வராத காரணத்தால் போட்டியின் கடைசி நாள் மாத இறுதிவரை நீட்டிக்கப்படுகிறது." இணையக் கவிதைப் போட்டிகளில் கலந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். இதற்கடுத்த அறிவிப்பு வராது என்பதும் தெரியும். நீட்டித்த தேதியும் கடந்துபோகும். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் வந்துகொண்டிருக்கும். போட்டி என்று ஒன்று இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அறிவிக்கும்போது இருந்த ஆரவாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் முண்டாசுப் பாரதி, மறுபக்கம் இறகுப் பேனா, நடுவே தங்க நிறத்தில் 'மாபெரும் கவிதைத் திருவிழா'. தலைப்பு மழை, அம்மா, உழவன் மூன்றில் ஒன்று. இருபது வரிக்கு மிகக் கூடாது. சொந்தப் படைப்பு என்ற உறுதிமொழி வேண்டும். இதுவரை எங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும். வெல்பவருக்குக் 'கவிச்செம்மல்' போல ஒரு பட்டம், மற்றவர்களுக்கு மின்சான்றிதழ். நடுவர் தீர்ப்பே இறுதியானது. எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: குறைந்தது 25 பேர் கலந்துகொண்டால் மட்டுமே பரிசு. இப்போதெல்லாம் நான் முதலில் படிப்பது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

ஏன் ஆள் சேர்வதில்லை? கவிஞர்களுக்குப் பஞ்சம் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள் வந்தால் திரும்பிய பக்கமெல்லாம் போட்டி. மார்ச் 21 உலகக் கவிதை நாள். யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது, நம் குழுக்களுக்குப் பத்து நாள் வேலை கொடுத்தது. இவை போக, பொங்கல், மகளிர் நாள், அன்னையர் நாள். எல்லாப் போட்டிகளும் ஒரே கூட்டத்தை நம்பித்தான் நடக்கின்றன. இங்கே நடுவராக இருப்பவர் அங்கே போட்டியாளர். அங்கே பட்டம் வாங்கியவர் அடுத்த மாதம் சொந்தமாக ஒரு குழு தொடங்கிவிடுகிறார். வாசகர் என்று தனியாக யாரும் மிஞ்சாத ஊரில் போட்டியாளரும் மிஞ்சுவதில்லை.

இன்னொரு காரணம், காத்திருக்கும் தந்திரம். குழுவிலேயே கவிதையைப் பதிய வேண்டும் என்பது விதியானால், முதலில் பதிபவர் பாடு திண்டாட்டம். அவர் கவிதையை எல்லாரும் படித்துவிட்டு, அதில் இல்லாத ஒன்றை யோசிக்கத் தொடங்குவார்கள். அதனால் கடைசி நாள் இரவு வரை யாரும் வாய் திறப்பதில்லை. அன்று இரவு, வழக்கமாகப் பரிசு வாங்கும் ஒருவர் தம் கவிதையைப் போடுவார். "அண்ணன் வந்துட்டாரு, இனி நமக்கென்ன வேலை" என்று நாலு பேர் ஒதுங்கிவிடுவார்கள். ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்டால் நிலைமை இன்னும் மோசம். புதுக்கவிதையில் தவறு எது என்று நிரூபிக்க முடியாது. வெண்பாவில் தளை தட்டினால் குழு முழுவதும் திருத்த வந்துவிடும். நாள், மலர், காசு, பிறப்பு என்று ஈற்றுச்சீரை எண்ணிப் பார்க்கவே சிலர் காத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் பாதிப் பேர் கைதட்டும் படத்தோடு நின்றுகொள்கிறார்கள்.

தேதியை நீட்டிப்பதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு. சொன்ன தேதிக்குள் அனுப்பியவனுக்கு அதனால் என்ன கிடைக்கிறது? தாமதமாக வருபவருக்குத்தான் கூடுதல் நாள், அதோடு ஏற்கெனவே வந்த கவிதைகளைப் படித்துக்கொள்ளும் வசதியும். ஆள் நிரம்பினால்தான் கிளம்புவேன் என்று நிற்கும் ஷேர் ஆட்டோவில் முதலில் ஏறியவன் கதைதான். ஆட்டோவிலாவது இறங்கி நடக்கலாம். இங்கே 'வேறெங்கும் வெளிவராத' என்ற நிபந்தனை காலைக் கட்டிவைக்கிறது. போட்டி நடக்கவில்லை என்று யாரும் சொல்லாதவரை, அந்தக் கவிதையை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பவும் கை வராது. தேர்வும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. நிராகரிப்பு எவ்வளவோ மேல். யாரோ படித்தார்கள் என்பதற்கு அது அத்தாட்சி.

போட்டி பிழைக்க வேண்டுமானால் எதிராளிகளை நாமே திரட்டிவர வேண்டும் என்பது இதிலுள்ள வேடிக்கை. "நீங்களும் ஒண்ணு எழுதுங்க சார், சும்மா கலந்துக்குங்க" என்று நண்பர்களைக் கெஞ்ச வேண்டும். அந்த 'சும்மா'வில் இருக்கும் கள்ளத்தனத்தை அவர்களும் அறிவார்கள். அவர் எழுதவும் வேண்டும், நம்மைவிட நன்றாக எழுதிவிடவும் கூடாது!

எப்போதும் நிரம்பி வழியும் போட்டிகளும் உண்டு. அனுப்பிய அனைவரும் 'தேர்வாகி', தொகுப்பு நூலில் இடம்பெறப் பணம் கட்டுகிற வகை. அமெரிக்காவில் இதையே பெருந்தொழிலாக நடத்திய நிறுவனம் ஒன்று இருந்தது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே அபத்தமாக எழுதி அனுப்பியவர்களும் அங்கே அரையிறுதிக்குத் தேர்வானார்கள். ஆனால் கட்டணம் வாங்குவதாலேயே ஒரு போட்டி மோசமாகிவிடாது. லண்டனின் போயட்ரி சொசைட்டி 1978 முதல் நடத்திவரும் நேஷனல் போயட்ரி காம்படிஷனுக்கும் கட்டணம் உண்டு. பெயர் மறைத்த கவிதைகளை நடுவர்கள் படிக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் கவிதைகள் குவிகின்றன. படிப்பார்கள், சொன்னபடி முடிவு சொல்வார்கள் என்ற நம்பிக்கைதான் அங்கே கூட்டம் சேர்க்கிறது. நம் குழுக்களில் நீட்டித்து நீட்டித்துக் கெடுத்துக்கொண்டது அந்த நம்பிக்கையைத்தான். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை எழுதுவதில்லை, அதனால் மறுமுறையும் ஆள் சேர்வதில்லை.

எண்ணிக்கை குறைவது ஒரு குற்றமே அல்ல. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று வரம்பு கட்டிக்கொண்டார். அந்த வரம்பைத் தாண்டும் சங்கடம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அதற்காக, போதிய வாசகர் சேரவில்லை என்று கையை விரிக்காமல் 119 இதழ்கள் கொண்டுவந்தார். அதில் வந்த கவிதைகளிலிருந்து 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பை வெளியிட்டார். தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றில் தவிர்க்க முடியாத அந்தப் புத்தகத்தில் இருந்தவர்கள் 24 பேர். இன்றைய பொடி எழுத்து விதிப்படி ஓர் ஆள் குறைவு.

ஆகவே போட்டி நடத்தும் அன்பர்களே, ஏழு கவிதைதான் வந்ததென்றால் அந்த ஏழையும் படித்து, எது நன்று, ஏன் நன்று என்று நாலு வரி எழுதுங்கள். பரிசுத் தொகை கிடக்கட்டும், பட்டமும் வேண்டாம். அதற்கும் நேரமில்லை என்றால், போட்டி கைவிடப்பட்டது என்று ஒரு வரியாவது போடுங்கள். கவிதையை வேறெங்காவது அனுப்பிக்கொள்கிறோம்.