தாய்மாமனுக்குப் பயந்து ஓடிய பிள்ளைகள்

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறி, இப்ஸ்விச்சில் சின்ன ரயிலுக்கு மாறி, மெல்டனில் இறங்கினேன். டெபன் ஆற்றைக் கடந்து ஏற்றத்தில் நடந்தால் சட்டன் ஹூ. ஆங்கிலோ-சாக்சன் அரச குலத்தாரைப் புதைத்த மேடு. புல் மூடிய குவியல்கள் பெரும்பாலும் தேய்ந்து தாழ்ந்துவிட்டன.

எல்லோரும் வருவது கப்பலுக்காக. நிலத்துக்குச் சொந்தக்காரியான ஈடித் பிரெட்டியின் ஏற்பாட்டில் 1939-ல் பேசில் பிரவுன் தோண்டியபோது, 27 மீட்டர் நீளக் கப்பலின் சுவடு தெரிந்தது. மரமெல்லாம் மண்ணில் கரைந்துபோய், இரும்பு ஆணிகள் மட்டும் வரிசை குலையாமல் கிடந்தன. கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் ரெட்வால்டின் கல்லறை அது என்பது பலரின் கணிப்பு.

என்னை நிறுத்தி வைத்தது 17-ம் எண் மேடு. 1991-ல் திறந்தார்கள். உள்ளே ஓர் இளைஞன், வாளும் கேடயமும், ஒரு சீப்பு, வழிக்கு ஆட்டிறைச்சி. பக்கத்துக் குழியில் அவன் குதிரை. தலை வாரிக்கொள்ளச் சீப்பு வைத்தனுப்பிய கை யாருடையதோ!

அவன் பெயர் தெரியாது. ஆனால் அந்தக் காலத்து அரச குலப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பீட் என்னும் துறவி 731-ல் எழுதி முடித்த வரலாற்றில் பதிந்திருக்கிறார். வடக்கே எதெல்ஃப்ரித் என்ற அரசன் அண்டை நாடான டெய்ராவைப் பிடித்துக்கொள்ள, அந்நாட்டு இளவரசன் எட்வின் ஊர் ஊராக ஒளிந்து திரிந்து, கடைசியில் ரெட்வால்டிடம் அடைக்கலம் புகுந்தான். அவனைக் கொன்றால் பொன், மறுத்தால் போர் என்று எதெல்ஃப்ரித்திடமிருந்து மூன்று முறை தூது வந்தது. ரெட்வால்ட் இணங்கியும் விட்டான். நம்பி வந்தவனைப் பொன்னுக்கு விற்கலாகாது என்று தடுத்தவள் அரசி. அவள் பெயரைப் பீட் எழுதவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

616-ல் ஐடில் ஆற்றங்கரையில் ரெட்வால்டோடு நடந்த போரில் எதெல்ஃப்ரித் விழுந்தான். ரெட்வால்டின் மகன் ரெகன்ஹெரேயும் அங்கேயே மாண்டான். வடக்கே எட்வின் அரசனானான். உடனே எதெல்ஃப்ரித்தின் பிள்ளைகள் ஓட வேண்டியதாயிற்று. ஆஸ்வால்டுக்கு ஏறக்குறைய 12 வயது, தம்பி ஆஸ்வியுவுக்கு 4. ஆஸ்வால்டின் தாய் ஆக்கா, எட்வினின் உடன்பிறந்தவள். ஒளிந்து வாழ்வது என்னவென்று அனுபவித்தவனே அக்காள் தங்கை பிள்ளைகள் ஓடும்படி செய்தான் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வடக்கே ஐரிஷ் துறவியரிடம் அவர்கள் வளர்ந்தார்கள்.

633-ல் எட்வின் போரில் மாண்டதும் காட்சி திரும்பியது. மனைவி எதெல்பர்க் மகள் ஈன்ஃப்ளெட், மகன் வுஸ்க்ஃப்ரியா, எட்வினின் பேரன் இஃபி ஆகியோருடன் கப்பலேறிக் கென்ட்டுக்குப் போனாள். பிறகு ஆஸ்வால்ட் அரசனானான். அவனுக்குப் பயந்து அந்தச் சின்னப் பையன்கள் இருவரையும் கடல் தாண்டி, பிராங்க் அரசன் டகோபர்ட்டிடம் அனுப்பினாள். இருவரும் பிள்ளைப் பருவத்திலேயே அங்கு இறந்தார்கள். எந்தப் போரிலும் வாளெடுக்காத இந்த இருவரையே நான் அதிகம் நினைக்கிறேன்.

ஈன்ஃப்ளெட் பிழைத்தாள். வளர்ந்து, அன்று 4 வயதில் ஓடிய அதே ஆஸ்வியுவை மணந்தாள். 651-ல் அவன் அவளுடைய உறவினன் ஆஸ்வினைக் கொல்வித்தான். கில்லிங் என்ற இடத்தில் ஒரு மடம் கட்ட நிலம் வேண்டும் என்று அவள் கணவனிடம் கேட்டு வாங்கினாள். கொல்லப்பட்டவனுக்கும் கொன்றவனுக்கும் சேர்த்தே அங்கு நாள்தோறும் ஜெபம் நடந்தது.